கம்பியைப் பிடுங்கினாலும் நடக்கும் பில்டு

பெங்களூரு பிரேசர் டவுனில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்

ஒரு மென்பொருளில் அதை எழுதியவர் சொந்தமாக எழுதிய வரிகளைவிட வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த வரிகளே இன்று அதிகம். ஜாவாவில் ஸ்பிரிங் பூட் கொண்டு ஒரு சிறிய வலைச்சேவை எழுதுபவர் தன் பாம் கோப்பில் ஒரேயொரு பொதியின் பெயரைத்தான் குறிப்பார். அந்தப் பொதிக்கு வேண்டியவை, அவற்றுக்கு வேண்டியவை என்று மேவன் என்ற பில்டு கருவி தேடிப் போய்ப் பல டஜன் ஜார் கோப்புகளை இறக்கும். நிரலைத் தொகுக்கவும் சோதிக்கவும் கட்டித்தரவும் மேவனுக்கே வேண்டிய செருகுநிரல்கள் அதற்கு மேல். இவை அத்தனையும் யாரோ எங்கோ நடத்தும் சர்வர்களிலிருந்து, பில்டு ஓடும் அந்த நேரத்தில் வருகின்றன. அந்தச் சர்வரை எட்ட முடியாத நாளில், சொந்த நிரல் முழுவதும் கையில் இருந்தும் பில்டு நின்றுபோகும். தேவைப்படும் பொதிகளையெல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வரில் சேர்த்து, பில்டு அங்கிருந்து மட்டும் எடுக்கும்படி அமைப்பதற்குப் பெயர்தான் ஆஃப்லைன் சார்புக் களஞ்சியம்.

பெங்களூருக்கு இது புதுப் பழக்கம் அல்ல, விட்டுப்போன பழக்கம். பிரேசர் டவுனுக்குப் பக்கத்தில், கன்டோன்மென்ட் பகுதியின் மில்லர்ஸ் சாலையில் உள்ள சோனா டவர்ஸ் கட்டடத்தில்தான் 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் இந்திய மையத்தைத் தொடங்கியது. வெளிநாட்டோடு தரவு பரிமாற நம்பத்தக்க வழித்தடம் ஊரில் இல்லாததால் செயற்கைக்கோள் இணைப்புக்கு அந்நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதற்கான சாதனங்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கியதை இந்த ஊரின் கணினித்துறையில் இன்றும் சொல்வார்கள். இணைப்பு அவ்வளவு அரிதாக இருந்த காலத்தில், வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க முடியும். 1990களில் பிசிகுவெஸ்ட் இதழ் லினக்ஸைக் குறுந்தகட்டில் போட்டு இதழோடு வழங்கியது. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய அதுல் சிட்னிஸ் பெங்களூர்க்காரர். 2001இல் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாட்டின் பின்னிருந்தவரும் அவரே. பிசிகுவெஸ்ட் தந்த தகட்டில் நூல்நிரல்களும் கம்பைலரும் மூல நிரலும் சேர்ந்தே வந்தன. தொலைபேசி இணைப்பு அறுந்துகிடந்தாலும் ஒரு நிரலை முதலிலிருந்து கடைசிவரை கட்டிவிடலாம். அகலப்பட்டை இணைப்பு வந்ததும் உள்ளூர் நகல் வைப்பது தேவையற்ற சுமையாகத் தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்குள் பில்டு என்றாலே இணையத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாத விதியாகிவிட்டது.

அந்த விதி எவ்வளவு பலவீனமானது என்பதற்குச் சான்றுகள் வரிசையாக உண்டு. 2016 மார்ச் 22 அன்று அசர் கொச்சுலு என்ற நிரலர், ஒரு பொதியின் பெயர் குறித்த தகராறில் மனம் வெறுத்து, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான என்பிஎம் பதிவகத்திலிருந்து தன் பொதிகளையெல்லாம் விலக்கிக்கொண்டார். அவற்றில் லெஃப்ட்-பேட் என்பதும் ஒன்று. ஒரு சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் வேலையைச் செய்யும் 11 வரிகள், அவ்வளவுதான் அது. பேபல் போன்ற பெரிய கருவிகள் சங்கிலித் தொடராக அதை நம்பியிருந்ததால் உலகெங்கும் பில்டுகள் நின்றன. பதிவகத்தாரே அதை மீட்டுவைக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. 2021 பிப்ரவரியில் ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப்போவதாக அதன் உரிமையாளரான ஜேஃப்ராக் அறிவித்தபோது, ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதுவோர் பலர் சில மாதங்களுக்குள் தங்கள் பில்டு கோப்புகளை மாற்ற வேண்டியதாயிற்று. 2020 நவம்பரில் டாக்கர் படிமங்களின் களஞ்சியமான டாக்கர் ஹப், கணக்கில் நுழையாமல் இறக்குவோருக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறை என்று வரம்பு வைத்தது. கணக்கு ஐபி முகவரிப்படி. ஒரே முகவரிக்குப் பின்னால் பல அலுவலகங்கள் இருக்கும் கட்டடத்தில், பக்கத்து மாடிக்காரரின் பில்டு நம் பங்கையும் தீர்த்துவிடும்.

இந்தியாவுக்கே உரிய காரணங்களும் உண்டு. 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறையின் ஆணைப்படி முடக்கப்பட்ட 32 இணைய முகவரிகளில் கிட்ஹப்பின் ஜிஸ்ட் பக்கமும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் இருந்தன. 2022இல் பல மாதங்களுக்கு விஎல்சி இயக்கியின் அதிகாரப்பூர்வத் தளம் இந்தியாவில் திறக்கவில்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 முதல் இணையமே துண்டிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் திரும்பியபோதும் அனுமதிப் பட்டியலில் உள்ள தளங்கள் மட்டுமே திறந்தன. 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. மென்பொருள் எழுதி வாழ்பவருக்கு அது தொழிலே நின்றுபோன காலம். இவற்றில் எதையும் ஒரு நிறுவனம் தன் திறமையால் தடுத்திருக்க முடியாது. உள்ளூர் நகல் இருந்திருந்தால் பில்டு மட்டும் நடந்திருக்கும்.

எட்ட முடியாமல் போவது ஒரு பாதி ஆபத்து. எட்டியும் தவறான பொருள் வந்து சேருவது மறுபாதி. இரண்டில் இதுவே கொடியது. 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஓர் எளிய வழியை வெளியிட்டார். நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்தும் பொதிகளின் பெயர்களைக் கண்டறிந்து, அதே பெயரில், இன்னும் உயர்ந்த பதிப்பு எண்ணோடு, பொதுப் பதிவகத்தில் ஒரு பொதியை ஏற்றினார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் இருந்தால் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது பில்டு கருவிகளின் இயல்பு. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவருடைய நிரல் ஓடியது. 2025 செப்டம்பர் 8 அன்று, போலி மின்னஞ்சலில் ஒரு பராமரிப்பாளரின் கணக்கு பறிபோனதால் சாக், டீபக் முதலிய மிகப் பிரபலமான என்பிஎம் பொதிகளின் கெட்ட பதிப்புகள் வெளியாயின. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அவை நீக்கப்பட்டன. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து நேரடியாகப் புதுப்பதிப்பை இழுத்த பில்டுகளுக்குள் அவை நுழைய வழி இருந்தது. புதுப் பதிப்புகளை ஒரு வாரம் காக்கவைத்து உள்ளே எடுக்கும் களஞ்சியம் வைத்திருந்தவர்களை அவை தொடவில்லை.

ஆகவே களஞ்சியத்தின் மையமான பயன், உள்ளே என்ன வந்தது, எப்போது வந்தது, யார் ஒப்பினார் என்ற கேள்விகளுக்கு நிறுவனத்தின் கையில் பதில் இருப்பது. வட்டில் கோப்புகள் கிடப்பது அதற்கான வழி மட்டுமே. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டு, வேகமாக இறக்க ஒரு கேஷ் என்று மட்டும் அமைத்தவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

இதைப் பல ஆண்டுகளாகச் சரியாகச் செய்துவரும் முன்மாதிரி டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு. அதன் மையக் களஞ்சியத்தில் சேரும் எந்தப் பொதியும் கட்டப்படும்போது வலையைத் தொடக் கூடாது என்பது டெபியனின் எழுதப்பட்ட கொள்கை. வேண்டிய ஒவ்வொன்றும் தனிப் பொதியாகக் களஞ்சியத்துக்குள் முன்பே இருந்தாக வேண்டும். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் அதன் மேல் பிறர் கட்ட முடிகிறது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. கல்வி நிறுவனங்கள் லினக்ஸ் தொகுப்புகளின் கண்ணாடி நகல்களை நடத்திவருவதும் இதனால் எளிதாகிறது. ஒரு வெளியீட்டின் ஒரு வன்பொருள் வகைக்கான பொதிகள் ஒரு டெராபைட் வட்டில் தாராளமாக அடங்கும். ஆப்ட்-மிரர் அல்லது ஆப்ட்லி கொண்டு அதை அப்படியே உள்ளே கொண்டுவரலாம்.

மேவன், என்பிஎம், பைத்தானின் பைபிஐ ஆகிய பதிவகங்கள் அப்படி அல்ல. முழு நகல் எடுக்க அவை மிகப் பெரியவை. முழுவதும் எடுத்தால் கெட்ட பொதிகளும் கூடவே வரும். ஒரு குழுவுக்கு அதில் மிகச் சிறு பகுதியே வேண்டும். எனவே இங்கே தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதே முறை. இதற்கு மூன்று நிலைகள் உள்ளன. பொதிகளை நிரலின் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வைத்துவிடுவது முதல் நிலை. கோ, ரஸ்ட் மொழிகளில் வெண்டர் கட்டளை இதைச் சுத்தமாகச் செய்துதருகிறது; ஒரே திட்டம் உள்ளவருக்கு இதுவே போதும். நடுவில் ஓர் இடைச் சர்வரை நிறுத்தி, முதன்முறை கேட்டதை வெளியிலிருந்து வாங்கி, அடுத்த முறை கையிருப்பிலிருந்து தருவது இரண்டாம் நிலை. வெளியோடு தொடர்பே அற்ற சர்வர் மூன்றாம் நிலை. அதற்குள் மனிதர் ஒப்பிய பொதிகள் மட்டும் வட்டில் வந்து ஏறும். விமானம், விண்வெளி, பாதுகாப்புத் தளவாடம் ஆகிய துறைகள் குவிந்துள்ள பெங்களூரில் மூன்றாம் நிலையைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் குறைவில்லை. இரண்டாம் நிலையில் தொடங்கி மூன்றாம் நிலைக்கு நகர்வது பலருக்கும் நடைமுறையில் ஏற்ற பாதை.

பிரேசர் டவுனில் கோல்ஸ் சாலையிலோ மாஸ்க் சாலையிலோ ஒரு வீட்டின் மேல்மாடியில் பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரே கண்ணாடி இழை இணைப்பு. சாலையை வெட்டினால் அதுவும் போகும். இவர்களுக்கு விலையுயர்ந்த சர்வர் வேண்டியதில்லை. 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு சாதாரண மேசைக் கணினி, ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் இரண்டு 2 டெராபைட் வட்டுகள், ஒரு யுபிஎஸ் போதும். அதில் நெக்சஸ் அல்லது ஆர்ட்டிஃபாக்டரி என்ற களஞ்சிய மென்பொருள் நிறுவப்படும். பைத்தான் மட்டும் என்றால் டெவ்பை, என்பிஎம் மட்டும் என்றால் வெர்டாச்சியோ. நெக்சஸில் களஞ்சியங்கள் மூன்று வகை: வெளியிலிருந்து வாங்கித் தரும் ப்ராக்ஸி, சொந்தப் பொதிகளை வைக்கும் ஹோஸ்டட், இரண்டையும் ஒரே முகவரியில் காட்டும் குரூப். பத்துப் பேருடைய கணினிகளும் குரூப் முகவரி ஒன்றையே அறிந்திருக்க வேண்டும். மேவனில் செட்டிங்ஸ் கோப்பில் மிரர் பகுதியில் நட்சத்திரக் குறி போட்டால், பாம் கோப்பில் எவர் எந்த வெளிக் களஞ்சியத்தைக் குறித்திருந்தாலும் கோரிக்கை உள்ளேயே திரும்பிவிடும். நட்சத்திரக் குறி போடாமல் மேவன் சென்ட்ரலை மட்டும் திருப்பிவிட்டால், மறந்துபோன ஒரு மூலையிலிருந்து வெளியே கசியும்.

பிர்சான் காட்டிய பெயர்க் குழப்பத் தாக்குதலுக்கான தடையும் இங்கேயே வைக்கப்படுகிறது. நிறுவனத்தின் சொந்தப் பெயர்முன்னொட்டில் வரும் எதையும் ப்ராக்ஸி வெளியே தேடக் கூடாது என்று வழிநடத்தல் விதி எழுத வேண்டும். பைத்தானில் எக்ஸ்ட்ரா இண்டெக்ஸ் என்ற அமைப்பைப் பயன்படுத்தவே கூடாது. உள் முகவரியையும் வெளி முகவரியையும் சம தகுதியில் வைத்து, இரண்டிலும் தேடும் அமைப்பு அது. 2022 டிசம்பர் கடைசியில் பைடார்ச்சின் இரவு வெளியீடுகளை நிறுவியவர்களுக்கு டார்ச்ட்ரைடன் என்ற பெயரில் கெட்ட பொதி போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

அடுத்து, களஞ்சியத்தை நிரப்புவது. இங்கேதான் வேலை நுணுக்கமாகிறது. மேவனில் கோ-ஆஃப்லைன் என்ற கட்டளை எல்லாவற்றையும் இறக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது இறக்காதவையும் உண்டு. ஷ்யூர்ஃபயர் செருகுநிரல், எந்தச் சோதனைச் சட்டகம் பயன்படுகிறது என்பதைச் சோதனை ஓடும் நேரத்தில்தான் பார்த்து, அதற்குரிய துணைப் பொதியை அப்போது கேட்கும். எனவே கட்டளையை மட்டும் ஓட்டி நிறுத்தினால், இணையமில்லாத கணினியில் தொகுப்பு முடிந்து சோதனைக் கட்டத்தில் பில்டு விழும். வெற்றுக் கேஷோடு, சோதனைகள் உட்பட முழு பில்டையும் ப்ராக்ஸி வழியாக ஒரு முறை ஓட்டுவதே நம்பத்தக்க வழி. கேட்டது எதுவோ அது ப்ராக்ஸியில் பதிந்துவிடும்.

ஒருவர் கணினியிலுள்ள மேவன் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து இன்னொரு கணினியில் வைப்பதும் பரவலாக உள்ள பழக்கம். ஜார் கோப்பு கண்ணெதிரே இருக்கும். மேவன் அதைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லும். ஒவ்வொரு கோப்பும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை மேவன் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது. புதிய கணினியில் அந்தப் பெயரில் களஞ்சியம் இல்லையென்றால் நகலை ஏற்பதில்லை. அந்தச் சிறு கோப்புகளை நீக்கினால் பில்டு ஓடிவிடும். ஆனாலும் அது குறுக்குவழியே. முறையாக ஹோஸ்டட் களஞ்சியத்தில் ஏற்றுவதே நிலைக்கும்.

பைத்தானில் சிக்கல் வேறு விதம். வீல் கோப்புகள் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் தக்கபடி வேறுபடும். விண்டோஸ் மடிக்கணினியில் இறக்கியதை லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோனால், சி மொழியில் எழுதிய பகுதி உள்ள பொதிகள் பொருந்தாது. இறக்கும்போதே இலக்கு இயங்குதளத்தைப் பைத்தானின் நிறுவு கருவியான பிப் கட்டளையில் குறிப்பிட வேண்டும், அல்லது சர்வரைப் போன்ற கணினியிலேயே இறக்க வேண்டும். தமிழ் எழுத்தாய்வுக்கான ஓப்பன்-தமிழ் போலப் பைத்தானிலேயே எழுதிய நூல்நிரலைப் பயன்படுத்தும் சிறு செயலியில் இது தெரியாது. சி மொழிப் பகுதி உள்ள நம்பையைச் சேர்த்த அன்றைக்குத் தெரிந்துவிடும். வீல் இல்லாமல் மூல நிரலாக மட்டும் கிடைக்கும் பொதிகளைப் பிப் தனிச் சூழலில் கட்டும். அதற்கு செட்டப்டூல்ஸ் போன்றவையும் உள்ளே இருக்க வேண்டும்.

என்பிஎம்மில் ஆபத்து பொதிக்கு வெளியே இருக்கிறது. நிறுவியதும் தானாக ஓடும் குறுநிரல்களைப் பொதிகள் வைத்திருக்கலாம். பப்பட்டியர் பொதி நிறுவும்போது ஒரு முழு குரோம் உலாவியை வேறொரு சர்வரிலிருந்து இறக்கும். எலக்ட்ரானும் அப்படியே. இவை பதிவகத்தின் வழியே போகாததால் ப்ராக்ஸியின் கண்ணில் படாது. இத்தகைய கோப்புகளை ரா வகைக் களஞ்சியத்தில் தனியாக வைத்து, அந்தந்தப் பொதி தரும் சூழல் மாறியில் உள் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

களஞ்சியம் நிரம்பிய மறுநாள் எல்லோரும் மோதும் சுவர் சான்றிதழ். உள் சர்வருக்கு நிறுவனமே தயாரித்த சான்றிதழ் இருக்கும். அதை இயங்குதளத்தில் சேர்த்ததும் உலாவி ஏற்றுக்கொள்ளும், மேவன் மறுக்கும். ஜாவா தனக்கென்று ஒரு நம்பிக்கைப் பெட்டகம் வைத்திருக்கிறது, பைத்தானின் பழைய பிப்புக்குத் தனிப் பட்டியல், நோடுக்குத் தனிச் சூழல் மாறி. ஒவ்வொன்றிலும் சேர்க்க வேண்டும். அவசரத்தில் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடும் வழக்கம் மிகப் பரவலாக இருக்கிறது. களஞ்சியம் அமைத்த நோக்கத்தையே அது அழித்துவிடும். கடிகாரமும் கவனிக்கத்தக்கது. டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தின் கையொப்பக் கோப்புக்குச் சில நாட்களில் காலாவதித் தேதி உண்டு. நகலைப் புதுப்பிக்காமல் விட்டாலோ, உள்வலையின் கடிகாரம் முன்னே ஓடினாலோ டெபியனின் பொதிக் கருவியான ஆப்ட் ஏற்க மறுக்கும்.

முழுதும் தனித்த சர்வர் என்றால், பொதிகள் உள்ளே வரும் வழி ஒன்றாக இருக்க வேண்டும். இணையம் உள்ள ஒரு சேகரிப்புக் கணினி. அதில் இறக்கம், ஷா-256 கூட்டெண் பதிவு, கையொப்பச் சரிபார்ப்பு, தீநிரல் சோதனை, உரிம ஆய்வு. பின் வட்டில் ஏற்றி உள்ளே எடுத்துச் சென்று, அங்கே கூட்டெண்களை மறுபடி ஒப்பிட்டு ஏற்றுவது. பட்டியல் கோப்பு வட்டோடு போகாமல் வேறு வழியில் போவது நல்லது. அப்போது வட்டை மாற்றியவர் பட்டியலையும் மாற்றிவிட முடியாது.

அமைத்து முடித்ததற்கு அடையாளம் ஒரே சோதனை. புதிதாக நிறுவிய, கேஷ் காலியான கணினியில், வெளி இணைப்பின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, களஞ்சிய சர்வர் மட்டும் எட்டும் நிலையில் முழு பில்டும் ஓட வேண்டும். வெண்டர் கோப்புறை முறை என்றால் களஞ்சிய சர்வரும் வேண்டாம். லினக்ஸில் அன்ஷேர் கட்டளையால் வலையே இல்லாத ஒரு சூழலை உருவாக்கி அதற்குள் ஓட்டலாம். ஒருவருடைய அன்றாடக் கணினியில் ஓடுவது சான்று ஆகாது. அதன் கேஷில் பழைய பொதிகள் கிடக்கும். இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறை விழா போல நடத்தாமல், ஒவ்வொரு இரவும் தானாக ஓடவிட வேண்டும். புதிதாக நுழைந்த ஒரு கசிவு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

மூடிய களஞ்சியத்துக்கு எதிரான நியாயமான வாதம் ஒன்று உண்டு: பழைய பொதிகளிலேயே தேங்கிவிடும் என்பது. 2021 டிசம்பர் 10ஐ ஒட்டி லாக்4ஜே என்ற ஜாவா பொதியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இது கண்கூடாகத் தெரிந்தது. திருத்திய பதிப்பு 2.15.0 வந்தது, அது போதாமல் 2.16.0, பின்னர் 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. மூன்று வாரத்துக்குள் நான்கு முறை ஒரே பொதியை உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. மாதம் ஒரு முறைதான் வட்டு உள்ளே போகும் என்று விதி வைத்திருந்த இடங்களில் அந்த விதியே தடையாயிற்று. எனவே இரண்டு வழிகள் எழுதிவைக்கப்பட வேண்டும்: காத்திருப்புக் காலத்தோடு கூடிய வழக்கமான வழி, ஒரே நாளில் முடியும் அவசர வழி. அவசர வழியில் யார் கையொப்பம் போதும், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும் முன்பே முடிவாக வேண்டும். ஓட்டைகளின் பட்டியலையும் பொதிகளைப் போலவே உள்ளே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் பழைய பொதி ஆபத்தானது என்பதே தெரியவராது.

லாக்4ஜே நாட்களில் பல நிறுவனங்களைத் திணறடித்த கேள்வி, அந்தப் பொதி நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது என்பது. எல்லாம் ஒரே வாசல் வழியே வந்திருந்தால் களஞ்சியத்தின் இறக்கப் பதிவேடே தேட வேண்டிய இடத்தைக் காட்டிவிடும். எந்த மென்பொருளுக்குள் எந்தப் பொதி இருக்கிறது என்ற பட்டியலை இந்தியாவில் ஒழுங்குமுறை அமைப்புகளும் இப்போது எதிர்பார்க்கின்றன. மென்பொருள் உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டுதலை செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டது. 2024 ஆகஸ்டில் செபி கொண்டுவந்த இணையப் பாதுகாப்புச் சட்டகமும் பங்குச்சந்தை சார்ந்த நிறுவனங்களிடம் அத்தகைய பட்டியலைக் கேட்கிறது. ஒவ்வொரு பில்டின் முடிவிலும் சைக்ளோன்டிஎக்ஸ் செருகுநிரல் தயாரிக்கும் பட்டியலைப் பில்டோடு சேர்த்தே களஞ்சியத்தில் வைத்துவிடலாம்.

எதை அழிக்கலாம் என்பது கடைசியில் வரும் கேள்வி. வட்டு நிரம்பும் நாளில்தான் பெரும்பாலும் எழுகிறது. அன்றாட ஸ்னாப்ஷாட் பதிப்புகளைச் சில வாரங்களில் நீக்கலாம். வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்த எந்த வெளியீட்டிலும் இடம்பெற்ற பொதியை, அந்த வெளியீட்டுக்கு ஆதரவு தரும் காலம் முழுவதும் நீக்கக் கூடாது. விமானத்துக்குள் ஓடும் மென்பொருளுக்கு அந்தக் காலம் பல பத்தாண்டுகள். அவ்வளவு காலத்துக்குப் பொதிகள் மட்டும் இருந்து பயனில்லை. அன்றைய ஜேடிகே, மேவன், கம்பைலர், அடிப்படை டாக்கர் படிமம், களஞ்சிய மென்பொருளின் நிறுவு கோப்பு ஆகியவையும் உடன் இருக்க வேண்டும். இவற்றின் இரண்டாம் நகல் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து ஒரு பழைய வெளியீட்டை ஆண்டுக்கொரு முறையாவது முழுவதும் கட்டிப் பார்த்து, வெளிவரும் கோப்பின் கூட்டெண்ணை அன்றைய பதிவோடு ஒப்பிட வேண்டும். வேறுபட்டால், நேர முத்திரையாலா, கோப்பு வரிசையாலா, உண்மையிலேயே மாறிய ஒரு பொதியாலா என்பதைக் கண்டறியும் வரை அந்த நகலைச் சரியானதாகக் கணக்கில் வைக்கக் கூடாது.